சான்றிதழ் வந்துவிட்டது, பேச்சு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையவழித் தமிழ் வகுப்பு விளம்பரங்கள் உங்கள் ஞாயிறு இதழில் பெருகிவிட்டன. அவற்றை நடத்துகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி மொரீஷியஸ் வந்தவள் நான். இங்கே தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றேன்.

பேத்திக்கு ஒன்பது வயது. வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான். "12 வாரத்தில் சரளமாகப் பேசலாம்" என்ற ஒரு வகுப்பில் மகள் சேர்த்துவிட்டாள். முதல் நாள் உள்ளே போனால் எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. நாற்பது நிமிடக் காணொளிகள் வரிசையில்லாமல் கிடந்தன. (2014-ல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களை ஆராய்ந்தவர்கள், காணொளி ஆறு நிமிடத்துக்குள் இருக்கட்டும் என்றார்கள். அதுவே பெரியவர்களுக்கான கணக்கு!) நேரடி வகுப்பு இந்திய நேரம் மாலை 4 மணிக்கு. இங்கே அப்போது 2.30, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். தேர்வோ முழுக்கக் குறில், நெடில், வல்லினம், மெல்லினம். சரியான விடையைத் தொட்டால் போதும்.

92 மதிப்பெண்ணோடு சான்றிதழ் வந்தது. அன்று மாலை என் அக்கா போனில், "சாப்பிட்டியா கண்ணு?" என்றாள். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு கல்லூரியில் இணையப் பாடம் வடிவமைக்கும் அக்கா மகனிடம் புலம்பினேன். இணையப் பாடங்களின் தரம் பார்க்க அமெரிக்காவில் 'குவாலிட்டி மேட்டர்ஸ்' என்றொரு அளவுகோல் இருக்கிறதாம். 2003-ல் மேரிலாந்தில் தொடங்கியது. எட்டுத் தலைப்புகளில் மூன்று சக ஆசிரியர்கள் பாடத்தை அலசுகிறார்கள். தேற 85 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். கட்டாயமானவற்றில் ஒன்று தவறினாலும் தேறாது. மதிப்பெண் மாணவருக்கு இல்லை, பாடத்துக்கு! எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்ன கற்றுத்தரப் போகிறோம் என்று சொல்கிறோமோ, பாடமும் பயிற்சியும் தேர்வும் அதையே பிடித்துப் போகின்றனவா என்பதுதான் அதன் முதுகெலும்பு.

பேசவைப்பதாகச் சொல்லிவிட்டு நெட்டெழுத்தைக் கேட்டால் எப்படி? கடையில் கத்தரிக்காய் விலை கேட்பதுதான் இலக்கு என்றால், தேர்விலும் குழந்தை வாய் திறந்து கேட்கட்டும். குரலைப் பதிவுசெய்து அனுப்பினால் இரண்டு நாளில் ஆசிரியர் கேட்டுத் திருத்தட்டும். 'அ'வுக்கு அணில் காட்டினார்கள்; என் பேத்தி அணிலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கறிவேப்பிலையை 'கரிப்புலே' என்றும் ரசத்தை 'ரசோன்' என்றும் கிரியோலிலேயே சொல்வாள். அங்கிருந்து ஆரம்பித்திருந்தால் முதல் நாளே நாலு வார்த்தை அவளுடையதாகியிருக்கும்.

பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்வாள், அதை எப்படிச் சோதிப்பீர்கள், வகுப்பு எங்கள் ஊர் நேரத்தில் எத்தனை மணிக்கு என்று விளம்பரத்திலேயே போடச் சொல்லுங்கள். அடுத்த நிலைக்குப் பணம் கட்டவா என்று மகள் கேட்கிறாள். இதெல்லாம் தெரியும்வரை பொறு என்றிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்