ஆமை ஒரே இரவில் 41 முறை பிறந்த கதை

அன்புள்ள நண்பனுக்கு,

நான்கு மாதங்களாக ஒரு வரிகூட எழுதாதவன் இன்று இவ்வளவு நீளமாக எழுதுகிறான் என்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று நீ ஊகித்திருப்பாய். உன் ஊகம் சரி. நாம் ஆமை என்று அழைக்கும் கணினியின் உடல் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருந்தது போய்விட்டது. இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று பதிலில் எழுது. இனி நடந்ததைச் சொல்கிறேன். திட்டுவதைக் கடைசிவரை ஒத்திவை.

புதிதாக வந்த இயந்திரத்தில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவ வேண்டியிருந்தது. யுஎஸ்பி குச்சியைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, பிணையத்தின் வழியாகவே நிறுவிவிடலாம் என்று முடிவு செய்தேன். இயந்திரங்களுக்குப் பிணைய முகவரி தரும் டிஎச்சிபி, துவக்கக் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி இரண்டையும் இயக்கி, இயங்குதளத்தின் தொகுப்புகளை உள்ளூர் வெப் சர்வரில் வைத்து, கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய விடைக்கோப்பையும் அதன் பக்கத்தில் போட்டேன். 2014-இல் 5.5 வெளியீட்டோடு வந்த அந்தத் தானியங்கி நிறுவலைப் பற்றி நீதான் எனக்கு முதலில் சொன்னாய் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன். டிஎச்சிபி சர்வர் தரும் துவக்கக் கோப்பின் பெயர் 'ஆட்டோ_இன்ஸ்டால்' என்று இருந்தால், நிறுவும் நிரல் ஐந்து வினாடி மட்டும் காத்திருந்துவிட்டு யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். அந்த ஐந்து வினாடிகளை நினைத்துத்தான் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தவறு டிஎச்சிபி அமைவுக் கோப்பின் ஒரே ஒரு வரியில் இருந்தது. புதிய இயந்திரத்தின் மேக் முகவரிக்கென்று, அதாவது அதன் பிணைய அட்டையின் தனி எண்ணுக்கென்று, தனியாக எழுதிய பகுதிக்குள் அந்தக் கோப்புப் பெயரைப் போட்டிருக்க வேண்டும். நான் ஓர் அடைப்புக்குறி தள்ளி, முழுச் சப்நெட்டுக்கும், அதாவது பிணையத்தின் எல்லா இயந்திரங்களுக்கும், பொருந்தும்படி போட்டுவிட்டேன். ஆகவே யார் வந்து கேட்டாலும் ஆட்டோ_இன்ஸ்டாலை எடுத்து நீட்டும்படி எங்கள் சர்வர் தயாராகிவிட்டது. மற்ற இயந்திரங்கள் வட்டிலிருந்து துவங்குபவை என்பதால் அவை கேட்கவே இல்லை. ஆமை மட்டும்தான் முதலில் பிணையத்தைப் பார்க்கும், வட்டை அப்புறம்தான் பார்க்கும். அந்த வரிசையை வைத்தது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. சிடி டிரைவ் வேலை செய்யாத நாளில் அதை நிறுவிவிட்டு, வரிசையை மாற்றி வைக்க மறந்துபோன அந்த மகானை உனக்கு நன்றாகவே தெரியும். இத்தனை ஆண்டுகள் அது கேட்டபோதெல்லாம் கோப்பு எதுவும் கிடைக்காததால் சலித்துப்போய்த் தன் வட்டுக்கே திரும்பிக்கொண்டிருந்தது; நமக்கும் ஏதும் தெரியவில்லை.

அன்றிரவு 11.30-க்கு மின்சாரம் போய்க் கால்மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஆமை எழுந்தது, கேட்டது, இந்த முறை கிடைத்தது. முதல் வட்டைத் துடைத்து, புதிதாகப் பிரித்து, தொகுப்புகளை இறக்கி, நிறுவி, மறுதுவக்கம் செய்தது. மறுபடியும் பிணையத்தைக் கேட்டது, மறுபடியும் துடைத்தது. வெப் சர்வரின் பதிவுக் கோப்பை எண்ணிப் பார்த்தேன்: அடிப்படையான பேஸ் தொகுப்பு காலைக்குள் 41 முறை ஆமைக்குப் போயிருக்கிறது. ஆறு வெளியீடுகள் பின்தங்கிவிட்டதே, ஒவ்வொரு வெளியீடாகத்தானே ஏற்ற முடியும், இன்றே தொடங்கலாம் என்று நான் கெஞ்சியபோதெல்லாம் 'ஓடுகிற வண்டியைத் தொடாதே' என்றாயே, உன் வண்டி ஒரே இரவில் புத்தம்புதிய வெளியீட்டுக்கு 41 தடவை போய்ச் சேர்ந்துவிட்டது.

காலை 7 மணிக்கு, எதுவும் தெரியாமல், புதிய இயந்திரத்தின் வேலை முடிந்ததென்று டிஎஃப்டிபியை நிறுத்தினேன். அதனால்தான் ஆமை, மின்சாரம் திரும்பிய பிறகு முதன்முறையாக, தன் வட்டிலிருந்து எழுந்தது. பிறகு வழக்கம்போல எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக நுழையப் போனால், இயந்திரத்தின் அடையாளச் சாவி மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தது. யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று நானும் அரைமணி நேரம் வேர்த்து விறுவிறுத்துத் தேடினேன். ஊடுருவியவன் நான்தான். உள்ளே போனால் உன் பெயரில் ஒரு பயனர்கூட இல்லை.

நீ வற்புறுத்தி மாட்டவைத்த இரண்டாவது வட்டை விடைக்கோப்பு தொடவில்லை. 'அலங்காரத்துக்கு ஒரு வட்டு' என்று நான் செய்த கேலியையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒவ்வோர் இரவும் எடுத்த டம்ப், அதாவது காப்புப் பிரதி, அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வட்டு நிரம்பிப்போயிருக்கிறது. கடைசி முழுமையான டம்ப் அந்த இரவுக்கு 23 நாள் முந்தையது. எழுத இடமில்லை என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ஒவ்வொரு நாளும் நிர்வாகியான ரூட் பயனரின் அஞ்சல் பெட்டிக்கு முறையிட்டிருக்கும். அந்தப் பெட்டியை யார் திறந்து பார்த்தார்கள்? அந்த 23 நாளில் நீ அகராதிக்காகச் சேர்த்த சொற்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. அதற்கு முந்தையவை அனைத்தையும் ரெஸ்டோர் கட்டளையால் எடுத்து உன் அடைவில் வைத்துவிட்டேன். உன் மடிக்கணினியில் பிரதி ஏதாவது இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பார்.

என்னை உறுத்துகிற விஷயம் வேறொன்று. அடுத்த வாரமே நத்தை என்ற நம் இன்னோர் இயந்திரத்தை சிஸ்அப்கிரேட் கட்டளையால் மேம்படுத்தினேன். 2019 முதல் இருக்கும் கருவிதான். உனக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது என்பதும் தெரியும். அது தொகுப்புகளை இறக்கி, சிக்னிஃபை என்ற கருவியின் மின்கையொப்பங்களைச் சரிபார்த்து, 'பிஎஸ்டி.அப்கிரேட்' என்ற கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) மேல்மட்ட அடைவில் வைத்து மறுதுவக்கம் செய்கிறது. துவக்கநிரல் அந்தக் கெர்னலை ஏற்றும்போதே அதன் இயக்க அனுமதியை நீக்கிவிடுகிறது. பாதியில் எது கெட்டாலும் அடுத்த முறை பழைய கெர்னலே எழும், மேம்படுத்தல் சுழலில் சிக்காது. ஒரு வேலை ஒருமுறை தொடங்கிவிட்டது என்பதை இயந்திரமே நினைவில் வைத்துக்கொள்ள ஒற்றை அனுமதிப் பிட் போதுமாயிருக்கிறது. என் ஏற்பாட்டில் அந்த நினைவு எங்குமே இல்லை: ஆமைக்கு வட்டைப் பார்க்கும் முன்பே உத்தரவு வந்துவிட்டது, சர்வரோ கேட்டவரெல்லாம் புதியவர் என்றே நினைத்தது.

மறுதுவக்கத்துக்கும் 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங்குக்கு வரும் முதல் பதிலுக்கும் இடைப்பட்ட அந்த மௌனத்தை நீ அனுபவித்ததில்லை. எப்போதும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே செய்பவன் நீ. நத்தை ஒன்பது நிமிடம் பேசவில்லை. பதில் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொன்றையும் இப்போதுதான் நிதானமாக யோசித்தேன். தொகுப்புகளுக்குக் கையொப்பம் இருக்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி நிறுவும் கெர்னலுக்குள் இருக்கிறது. அந்தக் கெர்னலோ கடவுச்சொல்லும் சோதனையும் இல்லாத டிஎஃப்டிபியில், 512 பைட் துண்டு ஒன்றுக்கு ஒரு பதில் என்று வந்து சேர்கிறது. என் தவறான வரிக்கு ஆமை எவ்வளவு மறுபேச்சின்றிக் கீழ்ப்படிந்ததோ, அதே பிணையத்தில் முந்திக்கொண்டு பதில் சொல்லும் எந்த அயலானுக்கும் அவ்வளவே கீழ்ப்படிந்திருக்கும். விபத்து என் கையால் நடந்ததே நல்லதோ என்றுகூடத் தோன்றுகிறது.

இப்போது எல்லா இயந்திரங்களும் வட்டையே முதலில் பார்க்கின்றன. விடைக்கோப்பின் பெயரிலேயே மேக் முகவரி இருக்கிறது. உரியதல்லாத இயந்திரம் வந்தால் பதில் கிடைக்காமல் கேள்வியிலேயே நின்றுவிடும். ரூட்டின் அஞ்சல் என் பெட்டிக்கு வருகிறது. டிஎஃப்டிபியை வேலை முடிந்த கையோடு நிறுத்துகிறேன். நம் பெரியவரிடம் மட்டும் இந்தக் கதையைச் சொல்லிவிடாதே. சுவிட்ச் விவகாரத்தையே அவர் இன்னும் விடவில்லை.

நீ ஆமைக்குள் நுழையும்போது உனக்கும் அதே எச்சரிக்கை வரும். எரிச்சலில் பழைய சாவியை அழித்துவிட்டு 'யெஸ்' என்று தட்டிவிடாதே. புதிய சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துவரிசையை, இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே எழுதவில்லை. ஞாயிறு மாலை தொலைபேசியில் கூப்பிடு. ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கிறேன், நீ திரையோடு ஒப்பிட்டுப் பார். திட்டுவதையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம்.

உன் பழைய அறைத்தோழன்