மயக்கம் தாங்காது என்று சீட்டு எழுதும் முன்

இடுக்கி, தேனி எல்லையோர மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் மயக்க மருத்துவர்களுக்கும்,

வணக்கம். வண்டன்மேட்டிலும் உடும்பன்சோலையிலும் ஏலத்தோட்டங்களில் உழைத்த எங்கள் பெரியவர்கள் பலருக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு. பீடி, விறகுப் புகை, மலைக்குளிர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அவர்களுக்குக் குடலிறக்கம் வந்தால் "மயக்கம் கொடுத்தா தாங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்கிறார்கள். மலையிறங்கித் தேனி, இல்லையென்றால் கோட்டயம். வழியில் குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால்?

என் சின்ன மாமனாரையும் அப்படித்தான் அனுப்பினார்கள். போன இடத்தில் முதுகில் ஊசி போட்டே முடித்துவிட்டார்கள். அறுவை நடக்கும்போது மனுஷன் மயக்க டாக்டரிடம் ஏலக்காய் விலை பேசிக்கொண்டிருந்தாராம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், நோயாளி வீட்டாருக்காகவும் எழுதுகிறேன். முழு மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரம் மூச்சு விடும். நுரையீரல் கெட்டவரை அதிலிருந்து மீட்பது சில சமயம் பெரும்பாடு. ஸ்பைனலில், அதாவது முதுகில் போடும் ஊசியில், இடுப்புக்குக் கீழும் அடிவயிறும் மரத்துப்போகும், மூச்சு அவருடையதாகவே இருக்கும். ஆகஸ்ட் பியர் 1898-இல் ஜெர்மனியில் செய்து காட்டிய முறை, இன்று சிசேரியனுக்கு அன்றாடம் கொடுப்பது. கவட்டைக் குடலிறக்கத்தை அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தும் சரிசெய்யலாம்.

மேல்வயிற்றில் அறுவை என்றால் கதை வேறு. மரப்பு மார்பு வரை ஏற வேண்டும். பிரஷர் இறங்கும், இருமும் பலம் குறையும். எபிட்யூரல் என்று முதுகில் வைக்கும் மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றலாம் என்றாலும் அதற்குக் கைப்பழக்கமும் கண்காணிப்பும் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், இதய வால்வு மிகவும் சுருங்கியவர், ரத்தத்தில் கிருமி பரவியவர் ஆகியோருக்கு ஊசியே ஆபத்தாகலாம். ஆகவே எல்லோருக்கும் ஸ்பைனல் போடுங்கள் என்று கேட்கவில்லை.

கேட்பது இதுதான். அனுப்பும் முன் மயக்க மருத்துவர் ஒருவர் நோயாளியை நேரில் பார்க்கட்டும். முதுகு ஊசி ஏன் முடியாது என்று சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த டாக்டருக்கும் உதவும். 'முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி' என்ற பயம் எங்கள் லயங்களில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், இன்னும் இருக்கிறது, அதையும் பேசித் தீர்த்துவிடுங்கள். அப்புறம், கேரளப் பக்கம் கையெழுத்து வாங்கும் படிவம் தமிழிலும் இருக்கட்டும். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் இங்கே ஏராளம்.

இப்படிக்கு,
வண்டன்மேட்டு ஏலத்தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை