புதுத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம்

தோழர்களே, நம் அரசுத் துறை வேலை காண்ட்ராக்டருக்குப் போய்விட்டது, இனி சங்கம் செல்லாது, ஸ்டிரைக் செய்ய முடியாது என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், நம்பாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1948-ஆம் ஆண்டு 87-ஆம் உடன்படிக்கை சங்கம் சேரும் உரிமையில் அரசு ஊழியர், தனியார் ஊழியர் என்று பிரிப்பதில்லை. 1949-இல் வந்த 94-ஆவது இன்னும் நேரடியானது: அரசு ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு, அதே பகுதியில் அதே வேலைக்குக் கிடைக்கும் கூலியைவிடக் குறைக்கக் கூடாது. நாடு ஏற்றிருந்தால்தான் கட்டுப்படுத்தும், ஆனாலும் பேச்சுவார்த்தையில் எடுத்து வைக்கலாம்.

அப்புறம், காண்ட்ராக்டர் கையெழுத்துக் கேட்கும் அந்தப் புதுத் தாளில் ‘புதிய நியமனம்’ என்று ஒரு வரி இருந்தால் இத்தனை வருடப் பணிமூப்பும் அதோடு போய்விடக்கூடும். பழைய சம்பளச் சீட்டுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். வேலைநிறுத்த நோட்டீஸ் காண்ட்ராக்டருக்கு மட்டும் போதாது, பணம் கொடுக்கும் துறைக்கும் நகல் போக வேண்டும்.