அந்தப் பேச்சுக்கும் பதிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 'முன்னாள் கடற்படைக்காரன்' என்ற பெயரில் சர்ச்சில் அனுப்பிய தந்திகள் உட்பட எல்லாம் 1984இல் மூன்று தொகுதிகளாக அச்சில் வந்துவிட்டன. யார் என்ன கேட்டார், மற்றவர் எதை மறுத்தார் என்று இன்றைக்கு எவரும் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு முள்ளிவாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது.

2009 ஏப்ரல் 27. கனரக ஆயுதங்களை இனிப் பாவிப்பதில்லை என்று கொழும்பு அறிவித்தது. அன்றுதான் சென்னையில் அப்போதைய முதல்வர் கருணாநிதி போரை நிறுத்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தார். எங்கள் பங்கரில், அதாவது பதுங்குகுழியில், ஒரு சின்ன ரேடியோ இருந்தது. பேட்டரி இறங்கிவிடும் என்று செய்தி நேரம் மட்டும் போடுவோம். அறிவிப்பைக் கேட்ட அம்மா, "சரி, இனி வெளியில வச்சுக் காய்ச்சுவம்" என்று கஞ்சிப் பானையோடு மேலே ஏறினார். தண்ணீர் கொதிக்க முதலே பீரங்கிச் செல் விழுந்தது. அம்மாவின் கூறைச் சீலையில் தைத்த மண்மூட்டை கிழிந்து பானை முழுக்க மணல். அந்த அறிவிப்புக்குப் பிறகும் செல்லடி ஓயவில்லை என்றுதான் ஐ.நா. நிபுணர் குழுவும் 2011இல் எழுதியது.

அந்த நாட்களில் கொழும்புக்கும் டெல்லிக்கும் தனி வழி ஒன்று இருந்தது. இங்கே பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச, ஜனாதிபதியின் ஆலோசகர் பசில் ராஜபக்ச, ஜனாதிபதியின் செயலாளர் லலித் வீரதுங்க. அங்கே தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், வெளியுறவுச் செயலாளர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். தூதரகப் படிகளைத் தாண்டி நேரடியாகவே பேசிக்கொண்டார்கள். கோத்தபாயவே பின்னர் இதை வெளிப்படையாகச் சொன்னார். ஏப்ரல் 24 அன்று நாராயணனும் மேனனும் கொழும்புக்கு வந்து போனார்கள். மூன்றாம் நாள் அறிவிப்பு வந்தது. அது எங்களுக்காகச் சொன்னதா, சென்னைக்காகச் சொன்னதா?

தந்தி என்றால் தாள் மிஞ்சும். தொலைபேசிப் பேச்சை யாராவது குறித்து வைத்திருந்தால்தான் உண்டு. இந்தியச் சட்டப்படி அரசுக் கோப்புகள் 25 ஆண்டுகளில் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 2009க்கு அது 2034. அதுவரை அவை பத்திரமாக இருக்குமா என்பதே என் பயம். 1978 முதல் 1980 வரையான இலங்கைக் கோப்புகளில் ஏறத்தாழ 200ஐ பிரிட்டன் வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது 2018இல் தெரியவந்ததே!

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தமிழ்நாட்டுப் பத்திரிகையாளர்களும் 2034 வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கோப்பையும் அழிக்கமாட்டோம் என்று இரண்டு அரசுகளிடமும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏப்ரல் 24 சந்திப்பின் குறிப்பை முதலில் கேளுங்கள். அம்மாவுக்கு 74 வயது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, அவரே வாசிப்பார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு