பெர்லின் போய் வந்த பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ பெங்களூர் திரும்பிவிட்டாய் என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது. மாநாடு எப்படிப் போச்சு என்று கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருந்தாய். சரி, வேலை இருந்திருக்கும். அம்மா அதையே அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டிவிட்டாள்.

இங்கே மழை விட்டபாடில்லை. அடர்லி பக்கம் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. மஞ்சூர் சித்தப்பா பழையபடி அந்தக் கிணற்றடி நிலத்தைக் கிளப்புகிறார்; அதை நேரில் பேசுவோம். காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்கு ஓடாதே.

மாநாட்டில் உன் ஆராய்ச்சியை ஒட்டி வைத்த போஸ்டர் பக்கத்தில் நீ நிற்கிற போட்டோவை, நீ அழிப்பதற்குள் பார்த்துவிட்டேன். அந்த ஊர்க் குளிரில் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. ஊட்டியில் பிறந்தால் போதும் என்கிற திமிர்தானே? ஆனாலும் சேரிங் கிராஸ் பேக்கரியில் வர்க்கி வாங்கும்போது, 'பொண்ணு ஜெர்மனியில் ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருக்கிறாள்' என்று கேட்காதவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். போட்டோவை ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அத்தையும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் சண்டைக்குப் போகாதே.

நான் போட்டோ பிலிம் செய்கிற கம்பெனியில் கோட்டிங்கில் இருந்தது உனக்குத் தெரியும். எப்படிப்பட்ட வேலை என்று உட்கார வைத்துச் சொன்னதில்லை. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை பாலியெஸ்டர் சுருள் மேல் இருட்டில் பூச வேண்டும். கரைசல் சரியாகப் பரவாவிட்டால், எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் விலகுகிற மாதிரி அங்கங்கே விலகி வட்டம் வட்டமாக வெறும் இடம் தெரியும். அதற்கு சப்போனின் சேர்ப்பார்கள். பூந்திக்கொட்டையில் நுரை தருகிறதே, அதே சரக்குதான். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு தூசி போதும். எக்ஸ்ரே பிலிமில் ஒரு புள்ளி விழுந்தால், அது நெஞ்சில் இருக்கிற நோயா பிலிமில் இருக்கிற பழுதா என்று டாக்டர் எப்படிப் பிரித்துச் சொல்வார்? இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் சுருள் வந்தால் முதல் கேள்வியே அதுதான். கேட்டவன் மேல் எங்களில் யாருக்கும் கோபம் வந்ததில்லை. கேட்காமல் கையெழுத்துப் போட்டவன் மேல்தான் வரும்.

ஆகவே உன் போஸ்டர் படத்தில் இருக்கிற வெள்ளைப் புள்ளி மூலக்கூறா அழுக்கா என்று மாநாட்டில் அந்தப் பெரியவர் கேட்டதில்... சரி, அத்தை சொன்னாள். அவளைத் திட்டாதே.

நீ போன பொங்கலுக்குச் சொன்னதுதான்: காற்றழுத்தத்தை 76 கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஒரே நொடியில் உலோகத்தின் மேல் வாயு ஒரு அடுக்கு படிந்துவிடும், அதிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் சில மணி நேரமாவது சுத்தமாக இருக்கும் என்றாய். அதற்காகத்தானே காற்றை உறிஞ்சி எடுக்கிற அந்த மெஷினுக்கு அலுமினியத் தாளைச் சுற்றி, நாள் கணக்கில் சூடேற்றிக்கொண்டு, தீபாவளிக்குக்கூட வராமல் உட்கார்ந்திருந்தாய்? அவ்வளவு பாடுபட்டவளிடம்தான் சுத்தமா என்று கேட்பார்கள். என்னிடமா கேட்பார்கள்?

நீ ஒருமுறை சொன்ன ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற அம்மாவைப் பற்றி லைப்ரரியில் படித்தேன். பிரவுன்ஷ்வைக் ஊர்க்காரர். பெர்லின் வரை போனவள் அங்கேயும் ஒரு எட்டு போயிருக்கலாம். காலேஜ் படிப்பு இல்லை, வீட்டில் நோயாளிகள். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய் படலம் நடந்துகொள்கிற விதத்தை அளந்து, 1891-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு எழுதினார். அவர் அதை நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பி வைத்தார். கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1932-ல். அதே வருஷம், அந்த மாதிரிப் படலங்களைப் பின்னால் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூருக்கு நோபல். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. உன்னை 41 வருஷம் காத்திரு என்று சொல்லவும் இதை எழுதவில்லை.

நீ ஆர்டர் போட்ட பார்சல் அத்தை வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. மழையில் நனைந்து கவர் கிழிந்திருந்ததால் அட்டை தெரிந்தது. பேங்க் பரீட்சை கைடு. பீரோ மேல் வைத்திருக்கிறேன், அம்மா கண்ணில் படவில்லை. பட்டால் சந்தோஷப்படுவாள், அதனால்தான் காட்டவில்லை. பேங்க் வேலை மட்டமான வேலை இல்லை. உன் தாத்தா ஒரு லோன் கிளார்க் முன்னால் கை கட்டி நின்றதை நினைத்தால், நீ அந்தப் பக்கம் உட்காருவதும் எனக்குப் பெருமைதான். ஆனால் பார்சலை ஏன் அத்தை பெயருக்குப் போட்டாய்?

இந்த வாரக் கடைசியில் வா. கைடை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் போ, நான் தடுக்க மாட்டேன். அந்தப் புள்ளி இருக்கிற படங்களையும் கொண்டு வா. போஸ்டரில் ஒட்டிய அழகான ஒன்றை மட்டும் அல்ல. நீ ஒதுக்கிப் போட்ட அத்தனையும். கோட்டிங் பழுதில் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் வருகிறதா, சிதறி வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். உங்கள் விஷயத்தில் அது செல்லுமா தெரியாது. எனக்குப் பார்க்க வேண்டும்.

இருட்டும் முன் வந்து சேர்கிற மாதிரி காலை பஸ்ஸில் ஏறு. பந்திப்பூர் கேட்டை ராத்திரி 9 மணிக்கு மூடிவிடுவார்கள். டாக்சி பிடித்தால் டாக்சிக்காரர் கல்லட்டி வழி சீக்கிரம் என்பார், கேட்காதே, கூடலூர் வழியாகவே வா. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

அப்பா