இறுக்கித் திருகாதே

அன்புள்ள தடியா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. பதில் போடாததற்கு வழக்கமான காரணம்தான். அதை மறுபடி எழுதினால் உனக்கும் அலுப்பு, எனக்கும் வெட்கம். இங்கே எல்லோரும் சுகம். நம் பொறியாளர் திலகம் இப்போதும் எதைக் காட்டினாலும் "பேரிங் போயிடுச்சு" என்கிறானாம். சுவர்க் கடிகாரத்துக்கும் அதே தீர்ப்பாம்.

நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறாய். உடம்பு, வேலை, பிள்ளைகள் எல்லாம் மிச்ச அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. கேலி செய்யலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் நியாயம் உன் பக்கம் இருக்கிறது. தொடர்ந்து வரும் இரைச்சலைக் காது பழகிக்கொள்ளும். சொட்டுக்கு அது முடியாது. அடுத்தது எப்போது விழும் என்று காத்திருக்க வைத்தே ஆளைக் கொல்லும்.

முதலில் இன்றைய ராத்திரிக்கு வழி. குழாய் வாயைச் சுற்றி ஒரு பருத்தி நூலைக் கட்டி, நுனி வாளியின் அடியைத் தொடுகிற மாதிரி விடு. சொட்டு விழாமல் நூலோடு வழிந்து இறங்கிவிடும். நூல் இல்லையென்றால், வாளியில் தேங்கிய தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் விடு. இது பாட்டி வைத்தியம் இல்லை. 2018-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராவும் ஒலிவாங்கிகளும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சொட்டு தண்ணீரில் மோதும் சத்தம் ஒன்றுமே இல்லையாம். மோதிய பள்ளத்தின் அடியில் ஒரு சின்னக் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்கிறது. அது அதிர, மேலே இருக்கும் நீர்ப்பரப்பும் சேர்ந்து அதிர்வதுதான் அந்த 'டொக்'. சோப்பு விட்டால் மேற்பரப்பு இழுவிசை மாறி அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. இந்த ஆராய்ச்சிக்கு விதை போட்டதே நண்பர் வீட்டுக்குப் போன இடத்தில் ஒழுகிய கூரைதான். நீயும் மூன்றரைப் பக்கம் புலம்புவதற்குப் பதில் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம்.

இனி நிரந்தர வைத்தியம். நீ எழுதியதிலேயே என்னைக் கோபப்படுத்தியது ஒரு வரிதான்: "இறுக்கித் திருகினால் கொஞ்ச நேரம் நிற்கிறது." அந்த இறுக்கம்தான்டா குழாயைக் கொல்கிறது. பல சுற்று திருகி மூடும் பழைய மாதிரிக் குழாய் என்றால், உள்ளே ரப்பர் வாஷர் ஒன்று பித்தளை விளிம்பின் மேல் போய் உட்கார்ந்துதான் தண்ணீரை நிறுத்துகிறது. அந்த விளிம்புக்குப் பெயர் சீட். நீ பலம் காட்டக் காட்ட சீட் வாஷரை வெட்டி வளையமாகத் தடம் போடும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருக வேண்டியிருக்கும். கடைசியில் ரப்பர் தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசி சீட்டும் பள்ளமாகிவிடும். வாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை. சீட் போனால் அதைத் தேய்த்துச் சமன்படுத்த தனிக் கருவி வேண்டும், இல்லையென்றால் குழாயையே மாற்ற வேண்டும்.

கழற்றுவதற்கு முன் எங்கே கசிகிறது என்று பார். மூடியபிறகும் வாய் வழியாகச் சொட்டினால் வாஷரோ சீட்டோ. திறந்திருக்கும்போது கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் அது வேறு கதை: தண்டைச் சுற்றி இருக்கும் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று முடுக்கிப் பார், நிற்காவிட்டால் உள்ளே கசிவை அடைக்கும் பேக்கிங் திரியையோ, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தையோ மாற்று. கால் திருப்பில் திறந்து மூடும் குழாய் என்றால் வாஷரே இருக்காது. இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும், மணல் புகுந்து கீறினால் ஒழுகும். அதில் அந்தத் தட்டுகள் அடங்கிய உள்பாகத்தை, அதாவது கார்ட்ரிட்ஜை, முழுசாக மாற்ற வேண்டியதுதான். பழையதைக் கையோடு கொண்டு போ. தண்டின் மேல் இருக்கும் பற்களின் எண்ணிக்கையும், திறக்கும் பக்கம் இடமா வலமா என்பதும் பொருந்தாவிட்டால் வாங்கியது வீண்.

உன்னுடையது வாஷர் குழாய் என்றே நினைக்கிறேன். மெயின் வால்வை மூடு. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடு. அப்புறம், தயவுசெய்து, தரையில் இருக்கும் வடிகால் ஓட்டையைத் துணியால் மூடு. இந்த வேலையில் தொலைவது நேரம் இல்லை, சின்ன ஸ்குரூதான். கைப்பிடியைக் கழற்றி, கீழே இருக்கும் அறுகோண பாகத்தை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பு. முரண்டு பிடித்தால் இன்னொரு கையால் குழாயின் உடலை நன்றாகப் பிடித்துக்கொள், இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் பைப் முறுகி, உன் அடுத்த கடிதம் பத்துப் பக்கம் வரும். உள்ளிருந்து வரும் தண்டின் நுனியில் வாஷர் இருக்கும். அதே அளவில் புதிது போடு. மாட்டுவதற்கு முன் விரல் நுனியால் சீட்டைத் தடவிப் பார். வழவழப்பாக இருந்தால் தப்பித்தாய். சொரசொரப்பாக இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும்.

திரும்ப மாட்டும்போது பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. தண்டைப் பாதி திறந்த நிலையில் வைத்துத்தான் முடுக்க வேண்டும். மூடிய நிலையில் வைத்தால் மரை முழுக்க உட்காருவதற்குள் வாஷர் சீட்டில் முட்டி நசுங்கும். மரையில் கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் இந்த வேலைக்குத் தேவையில்லை. குழாயையே சுவரிலிருந்து கழற்றினால் மட்டும், மரையின் முனை உன் பக்கம் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் ஐந்தாறு சுற்று சுற்று. மாறிச் சுற்றினால் முடுக்க முடுக்கப் பிரிந்து வரும்.

"ஒரு சொட்டுதானே" என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒரு மணி நேரம் அளவுப் பாத்திரம் வைத்துக் காட்டு. அரை லிட்டர் சேர்ந்தால் நாளைக்கு 12 லிட்டர், வருஷத்துக்கு 4,380 லிட்டர்.

ஆடும் மேசைக்குக் காகிதம் மடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். காகிதத்தை எடுத்துவிட்டு மேசையை இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றிப் பார். சதுர மேசை, நாலு காலும் சமம், தரை மட்டும் மேடுபள்ளம் என்றால், கால் சுற்றுக்குள் எங்காவது நாலும் படிந்து நிற்கும். கால் சுற்று போனதும் ஆடும் கால் ஜோடி மாறிவிடும், ஆகவே நடுவில் ஓரிடத்தில் ஆடாமல் நின்றே தீர வேண்டும். எப்படித் திருப்பினாலும் அதே காலே ஆடினால் தரை நிரபராதி. கட்டையான காலுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டு.

உன் ஷூ லேஸ் இப்போதும் அவிழ்கிறதா? பள்ளி மைதானத்தை மறந்திருக்க மாட்டாய். முடிச்சின் காதுகள் ஷூவுக்குக் குறுக்கே படுக்காமல் நீளவாக்கில் திரும்பி நின்றால், இத்தனை வருஷமும் தப்பாகக் கட்டியிருக்கிறாய். முதலில் போடும் குறுக்குப் பின்னலை மட்டும் மாற்றிப் போடு, மற்றதெல்லாம் பழையபடி. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2017-ல் அளந்து பார்த்ததில், ஓடும்போது பாதம் தரையில் மோதும் வேகம் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு முடுக்கத்தைக் கொடுக்கிறதாம். அது முடிச்சைத் தளர்த்த, வீசியாடும் நுனிகள் இழுத்து அவிழ்க்கின்றன. சரியான முடிச்சும் ஒருநாள் அவிழும்தான், ஆனால் உன் முடிச்சு மாதிரி வாசல் தாண்டுவதற்குள் அவிழாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. ராத்திரி இரண்டு மணிக்குச் சொட்டு கேட்கிறதென்றால் நீ இரண்டு மணிக்கு விழித்திருக்கிறாய் என்றுதானே அர்த்தம்? எழுப்புவது குழாயா, எழுந்த பிறகு கேட்பது குழாயா? அந்த அரைப் பக்கத்தை அடுத்த தடவை கொஞ்சம் நீட்டி எழுது. எழுத வரவில்லை என்றால் போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

வாஷர் மாற்றியதும் சீட் எப்படி இருந்தது என்று கட்டாயம் சொல். பொறியாளர் திலகத்தை மட்டும் கூப்பிடாதே. குழாயில் பேரிங் தேடுவான்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்