எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்: அன்ரியல் டோர்னமென்ட்டை ஆட விடுங்கள்

வட கரோலினாவின் கேரி நகரிலிருக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 2022 டிசம்பரில் அன்ரியல் டோர்னமென்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத் தொடர் முழுவதையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அடுத்த மாதம் 24ஆம் தேதி அதன் ஆன்லைன் சேவைகளையும் நிறுத்தினீர்கள். ஆட்டங்களை உருவாக்கும் உங்கள் மென்பொருளான அன்ரியல் எஞ்சினுக்கே பெயர் தந்த அன்ரியல் வரிசையில் வந்த ஆட்டங்கள் இவை. இன்று ஒரு பள்ளி மாணவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாலும் கடையில் கிடைக்காது.

1999இல் வந்த முதல் ஆட்டத்தின் கதை சின்னது. 2291ஆம் ஆண்டு, விண்வெளிச் சுரங்கத் தொழிலாளர்களின் வன்முறையை அடக்க முடியாத அரசு, விதியே இல்லாத சண்டையைச் சட்டபூர்வமாக்கிவிடுகிறது. லியாண்ட்ரி என்ற சுரங்க நிறுவனம் அதைப் போட்டியாக நடத்துகிறது. அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வேகம். களத்தில் இறங்கும்போது எல்லார் கையிலும் ஒரே ஆயுதங்கள்தான். நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் மேப்பில், அதாவது சண்டைக் களத்தில், ஓடிப்போய் எடுக்க வேண்டும். ஷீல்டு பெல்ட் என்ற பாதுகாப்புக் கவசம் மறுபடி எப்போது முளைக்கும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே சண்டை போடுபவர் ஜெயிப்பார். காசு கொடுத்து வாங்கிய அனுகூலம் எதுவும் யாருக்கும் கிடையாது.

ஷாக் ரைஃபிள் ஒன்று போதும், இந்த ஆட்டத்தின் அருமையைச் சொல்ல. ஒரு பட்டன் நேரான கதிரைப் பாய்ச்சும். இன்னொன்று மெதுவாக மிதந்துபோகும் ஓர் உருண்டையை விடும். அந்த உருண்டையை அதே கதிரால் சுட்டால் பெருவெடிப்பு. பக்கவாட்டில் டாட்ஜ் அடித்தபடி, எதிராளி எங்கே வருவான் என்று கணித்து, நகரும் உருண்டையைக் குறிவைக்க வேண்டும். 25 வருடம் கழித்தும் இதற்கு ஈடான கைத்திறனைக் கேட்கும் ஆயுதத்தை நான் வேறெந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

அதிலிருந்த பாட்களையும், அதாவது கணினியே இயக்கும் எதிராளிகளையும், சொல்ல வேண்டும். குவேக் என்ற துப்பாக்கி ஆட்டத்துக்கு ரீப்பர் பாட்டை எழுதிய ஸ்டீவ் போல்ஜை நீங்கள் சேர்த்துக்கொண்டதன் பலன் அது. டயல்-அப் இணைப்பில் ஆன்லைன் ஆட்டத்தை நினைத்தே பார்க்க முடியாத எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த பாட்கள்தான் எதிராளிகள்.

குவேக்கை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 2005இல் குவேக் 3 அரீனாவின் மூலநிரலை, யாரும் மாற்றிப் பகிர விடும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. ஆட்டம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ரசிகர்கள் அதைப் புதிய கணினிகளிலும் ஓட வைத்திருக்கிறார்கள். மூலநிரலைத் தந்ததால் கடை மூடிவிடவில்லை.

நீங்களும் நல்லது செய்திருக்கிறீர்கள். ஓல்ட்அன்ரியல் என்ற ரசிகர் குழு பழைய ஆட்டத்துக்குத் திருத்தங்கள் வெளியிட இடம் கொடுத்தீர்கள். 2024இல் முதல் அன்ரியல் ஆட்டத்தையும் 1999ஆம் ஆண்டு டோர்னமென்ட்டையும் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதித்தீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அதே அனுமதி 2007இல் வந்த அன்ரியல் டோர்னமென்ட் 3-க்கும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, 2014இல் நீங்கள் அறிவித்த இலவச டோர்னமென்ட். ரசிகர்களோடு சேர்ந்து, எல்லார் கண்முன்னும் உருவாக்குவோம் என்றீர்கள். பலர் ஊதியமில்லாமல் மேப் கட்டித் தந்தார்கள். பிறகு உங்கள் இன்னொரு ஆட்டமான ஃபோர்ட்நைட் வளர்ந்தது, வேலை நின்றது. ஆட்டத்தைக் கைவிடுவது உங்கள் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த உழைப்பில் ஒரு பங்கு அந்த ரசிகர்களுடையது. அந்த ஆட்டத்தை யாரும் பகிரலாம், சொந்தமாக சர்வர் நடத்தலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள். சர்வர் செலவையும் பராமரிப்பையும் ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஓர் அன்ரியல் டோர்னமென்ட் ஆட்டக்காரன்